கூரியரில் போட்டாச்சு

“கூரியர்ல போட்டாச்சும்மா” என்று மகளிடம் சொன்னேன். போட்டது தபாலில். அவ்வளவுதான் நான் செய்தது. அந்த ஒரு வாக்கியத்துக்குள் மாட்டிக்கொண்டு இருபது நாள் நான் பட்ட பாட்டை, முப்பத்தாறு வருஷ வேலையில் எந்த மேலதிகாரியிடமும் பட்டதில்லை.

என் பக்க நியாயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள். தில்லியில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தின் டிஸ்பாட்ச் பிரிவில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, அதே பிரிவுக்குப் பொறுப்பாளனாக ஓய்வு பெற்றவன் நான். வெளியே போகிற ஒவ்வொரு கடிதத்துக்கும் ஓர் எண் கொடுத்து, பதிவேட்டில் ஏற்றி, உறையில் போட்டு ஒட்டி, தபாலில் சேர்ப்பது எங்கள் வேலை. எண் ஏறிவிட்டால் கடிதம் போய்விட்டது என்று பொருள். சர்க்கார் காகிதம் சர்க்கார் தபாலில்தான் போகவேண்டும் என்பது எனக்கு ஊறிப்போன பழக்கம். கூரியர்க்காரன் மோட்டார் சைக்கிளில் வருவான், கீழே வாட்ச்மேனிடம் எறிந்துவிட்டுப் போவான். நாளைக்குக் கோர்ட்டு கேஸ் என்று வந்தால் அவன் கொடுத்த சீட்டை யார் மதிப்பார்கள்? எனக்குக் கோர்ட்டு கேஸ் எதுவும் வந்ததில்லை என்பது வேறு விஷயம்.

இன்னொரு பழக்கமும் உண்டு. அசலை யாரிடமும் கொடுப்பதில்லை. ஐந்து வருஷத்துக்கு முன் மகள் வேலைக்காக ஒரு குளிர் நாட்டுக்குக் கிளம்பியபோது, தன் பிறப்புச் சான்றிதழைக் கேட்டாள். தில்லி ஆஸ்பத்திரியில் பிறந்தவள். கையால் எழுதிக் கொடுத்த, மடித்த இடமெல்லாம் நைந்துபோன பழைய காகிதம் அது. நான் இரண்டு நகல் எடுத்து, கெஜடட் ஆபீசர் ஒருவரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்தேன். அசலைப் பச்சை டேக் கோத்த கோப்பில் போட்டு, அட்டையின் மேல் சிவப்பு மையில் ‘அசல், வெளியே எடுக்கக் கூடாது’ என்று எழுதி பீரோவில் வைத்தேன்.

“பொறந்தது நான்தானே பா? அது என்கிட்ட இருக்க வேணாமா?” என்று சிரித்தாள்.

நல்ல கேள்விதான். நான் பெட்டியின் எடையைப் பார்க்கப் போய்விட்டேன்.

போன குளிர்காலத் தொடக்கத்தில் அவளுக்கு அந்த நாட்டுக் குடியேற்ற அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. அங்கேயே நிரந்தரமாகத் தங்குவதற்கு அவள் போட்டிருந்த விண்ணப்பம் கடைசிக் கட்டத்துக்கு வந்திருந்தது. ஐந்து வாரம் கழித்து நேர்காணல். பிறப்புச் சான்றிதழின் அசலைக் கையில் கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் கோப்பை மூடிவிடுவார்கள். வேலைக்கான அனுமதியும் அடுத்த இரண்டு மாதத்தில் முடிகிறது. கோப்பு மூடினால் வேலை, வீடு எல்லாவற்றையும் விட்டுவிட்டு அவள் பெட்டி கட்டவேண்டியதுதான்.

மூன்று தடவை சொன்னாள். “அப்பா, கூரியர்லதான் போடணும். ப்ளீஸ். இங்க போஸ்டல் யூனியன் ஸ்டிரைக் நோட்டீஸ் குடுத்திருக்காங்க. போஸ்ட்ல போட்டா மாட்டிக்கும், சச்சி, நெஜமாத்தான்.”

நோட்டீஸ் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. நானும் எங்கள் ஊழியர் சங்கத்தில் இணைச் செயலாளராக இருந்தவன். எத்தனை நோட்டீஸ் கொடுத்திருக்கிறோம்! கொடுப்போம், கேட் முன்னால் கோஷம் போடுவோம், கடைசி நாளில் பேச்சுவார்த்தைக்கு அழைப்பார்கள், டீயும் பிஸ்கட்டும் சாப்பிட்டுவிட்டு வாபஸ் வாங்குவோம். உண்மையில் வேலையை நிறுத்தியது என் சர்வீஸில் நாலைந்து தடவை இருக்கும். அதுவும் ஒரு நாள். நோட்டீஸுக்குப் பயந்து கூரியருக்கு ஓடுவதா? அந்த நாட்டுக்காரனும் கடைசியில் பிஸ்கட் சாப்பிடத்தான் போகிறான் என்று முடிவு கட்டினேன்.

மூன்றாம் நாள் காலையில் ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குக் காபிப்பொடி வாங்கப் போகிறேன் என்று கிளம்பி, வழியில் தபால் அலுவலகத்தில் இறங்கினேன். உறைக்குள் அட்டை வைத்து, நாலு பக்கமும் ஒட்டி, முகவரியைப் பெரிய எழுத்தில் எழுதி, ரசீது வாங்கி, அதன் எண்ணை என் டைரியில் குறித்துக்கொண்டேன். வேலை முடிந்தது. காபிப்பொடி வாங்கினேன், முருங்கைக்காயும் நன்றாக இருந்தது என்று நாலு வாங்கினேன். மறுநாள் காலை அவள் பேசியபோதுதான் அந்த வாக்கியத்தைச் சொன்னேன்.

ஏன் சொன்னேன்? உண்மையைச் சொன்னால் கத்துவாள். பத்து நாளில் உறை அவள் கையில் இருக்கும். அப்போது ‘எதுல போட்டேன்னு முத்திரையைப் பாரு’ என்று சொல்லி ஜெயித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அறுபத்து மூன்று வயதில் பெற்ற பெண்ணிடம் ஜெயிக்க வேண்டும் என்ற ஆசை. எழுதும்போது கூசுகிறது.

தபாலில் போட்ட ஐந்தாம் நாள் காலை ஏழு மணிக்கு அவள் கூப்பிட்டாள். அவளுக்கு அது முந்தின நாள் சாயங்காலம்.

“அப்பா, ஸ்டிரைக் ஆரம்பிச்சிட்டாங்க. நாடு முழுக்க ஒரு லெட்டர்கூட நகரல. என் ஃப்ரெண்டோட பாஸ்போர்ட்டே உள்ள மாட்டிக்கிச்சு. நல்லவேளை நீங்க கூரியர்ல போட்டீங்க. அந்த நம்பர் அனுப்புங்க, இன்னும் ஏன் வரலன்னு பாக்கறேன்.”

அந்த ‘நல்லவேளை’ என் வாயை அடைத்துவிட்டது. அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது என்ன தெரியுமா? “அந்தச் சீட்டு சட்டைப் பையிலயே இருந்திருக்கும்மா. உங்கம்மா சட்டையோட சேத்துத் தொவைச்சிட்டா.”

போனை வைத்ததும் சமையலறையிலிருந்து மனைவி கரண்டியோடு வந்தாள். நாங்கள் இருவரும் திருநெல்வேலிப் பக்கம். கல்யாணமாகித் தில்லிக்கு வந்து முப்பத்தைந்து வருஷமாகியும் கோபம் வந்தால் அவளுக்கு ஊர்ப் பேச்சுதான் வரும்.

“என் தலையிலயா போடுதிய? நான் எந்தச் சட்டையத் தொவைச்சேன்? எதுல போட்டிய, உண்மையச் சொல்லுங்க.”

சொன்னேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

“பிள்ளைட்ட இப்பவே சொல்லிருங்க.”

“ரெண்டு நாள் பொறு. ஸ்டிரைக் முடிஞ்சிரும். எனக்குத் தெரியாதா?”

“நீங்க கேட்டு முன்னாடி கொடி புடிச்சு நின்னியல்லா, அப்போ உள்ள எத்தன பேரு காயிதம் கெடந்துச்சோ. இப்போ தெரியட்டும்.”

அங்கேதான் எனக்கு இன்னொரு சிக்கல். அந்த வேலைநிறுத்தக்காரர்களை மனசாரத் திட்டவும் முடியவில்லை. செய்தியில் அவர்களைக் காட்டினார்கள். பனியில் தொப்பி போட்டுக்கொண்டு, பீப்பாயில் தீ மூட்டி, சுற்றி நின்று கோஷம் போட்டுக்கொண்டிருந்தார்கள். புதிதாகப் பணியில் சேருபவர்களை இனி நிரந்தரமாக்க மாட்டோம் என்கிறதாம் நிர்வாகம். நான் அங்கே இருந்தால் அவர்களோடுதான் நின்றிருப்பேன். அவர்கள் பிஸ்கட்டுக்கு மசிகிறவர்களாகத் தெரியவில்லை.

அன்றிலிருந்து என் வாழ்க்கை போன் திரையில் ஒரு வரிக்குள் அடங்கிவிட்டது. ரசீது எண்ணைப் போட்டால் உறை எங்கே இருக்கிறது என்று காட்டும். தில்லியிலிருந்து கிளம்பியது, அந்த நாட்டு விமான நிலையத்தில் பெறப்பட்டது. அதற்குக் கீழே ஒன்றுமில்லை. பல் தேய்த்துவிட்டுப் பார்ப்பேன், காபி குடித்துவிட்டுப் பார்ப்பேன், பார்த்து முடித்த கையோடு மறுபடி பார்ப்பேன். அதே வரி.

வெளியே போய் நடக்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. தில்லியில் புகை மூட்டம் கவிந்திருந்த நாட்கள். எதிர் பிளாக்கின் மூன்றாவது மாடி கண்ணுக்குத் தெரியவில்லை. எனக்கு இழுப்பு உண்டு என்பதால் மனைவி ஜன்னல்களையெல்லாம் அடைத்து, இடுக்கில் பழைய துணியைத் திணித்து வைத்திருந்தாள். மயூர் விஹாரில் இரண்டு அறை வீடு எங்களுடையது. சரோஜினி நகர்க் குவார்ட்டர்ஸில் இருந்தபோது மரமாவது உண்டு. இங்கே கூடம், படுக்கையறை, கூடம் என்று நடந்துகொண்டிருந்தேன். காலை ஏழு மணி நெருங்கினால் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொள்வேன். போன் அடித்தால் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன்.

“அப்பா குளிக்காரு” என்று மனைவி சொல்வாள். அவளையும் பொய்யில் சேர்த்துவிட்டேன்.

ஒரு நாள் மகள் ஸ்பீக்கரில் கேட்டாள்: “அம்மா, அப்பா ஏன் எப்பப் பாத்தாலும் குளிக்கறார்?”

மனைவி பதில் தேடுவதை உள்ளே பக்கெட் மேல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். வெட்கத்தில் தண்ணீரைத் திறந்துவிட்டேன்.

ஒரு வாரம் பொறுத்துவிட்டு, முகமூடி போட்டுக்கொண்டு தபால் அலுவலகத்துக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் எண்ணைத் தட்டிப் பார்த்தாள். திரையை என் பக்கம் திருப்பி, ஒரு வரியின் மேல் விரலை வைத்தாள்.

“அங்கிள்ஜி, இதர் ஸே தோ நிகல் கயா.” இங்கிருந்து போய்விட்டது என்கிறாள். “எங்க வேலை முடிஞ்சுது, வேற நாட்டு விஷயத்துக்கு நாங்க என்ன செய்ய?” என்பதையும் இந்தியில் மரியாதையாகவே சொன்னாள்.

அவள் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடத் தவறில்லை. ஆனால் அந்தத் திருப்பலும் விரலும் எனக்குத் தெரிந்தவை. நானும் அப்படித்தான் பதிவேட்டைத் திருப்பி, வரியின் மேல் விரல் வைத்துக் காட்டுவேன். ஒரு விதவைப் பெண் ஞாபகம் வந்தாள். எங்கள் அலுவலகத்தில் டிரைவராக இருந்து இறந்தவரின் மனைவி. அவள் மகனுக்கு வேலை கொடுத்து அனுப்பிய உத்தரவு வீட்டுக்கு வரவில்லை என்று மூன்று தடவை வந்தாள். மூன்று தடவையும் டிஸ்பாட்ச் எண்ணையும் தேதியையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன். மூன்றாம் தடவை அந்தக் காகிதத்தை மேஜைமேல் வைத்துவிட்டு, “நம்பரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய, சாப்?” என்று இந்தியில் கேட்டாள். எனக்குக் கோபம் வந்தது. என் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறேன், இவள் என்ன கேள்வி கேட்கிறாள் என்று நினைத்தேன். அந்த உத்தரவு போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ரசீதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். நடைபாதையில் நின்று கொஞ்ச நேரம் இருமினேன்.

வேறு வழி தேடினேன். புதிதாக ஒரு சான்றிதழ் வாங்கிக் கூரியரில் அனுப்பிவிட்டால் மகளுக்குத் தெரியாமலேயே காரியம் முடிந்துவிடும். பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த குமாஸ்தாவுக்கு ஓய்வு பெற இன்னும் ஓரிரு வருஷம் இருக்கும். மூக்கு நுனியில் கண்ணாடி, ஸ்வெட்டரின் கையில் நூல் பிரிந்திருந்தது. என் இனம்.

அவ்வளவு பழைய பதிவுகள் கம்ப்யூட்டரில் இல்லை, பழைய அசலைக் கொண்டுவந்தால் அதைப் பார்த்து ஏற்றிப் புதியது தருவோம் என்றார்.

“அசல் இருந்தா நான் ஏன் இங்க வரேன்?” என்றேன் இந்தியில்.

“அசல் இல்லாமல் நான் எதைப் பார்த்துக் கொடுப்பேன்?” என்றார்.

நாங்கள் இரண்டு பேரும் சொன்னது சரிதான். அவர் நாற்காலியில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். அசலை அனுப்புமுன் எடுத்துவைத்திருந்த நகலை நீட்டி, பதிவு எண்ணையும் பக்க எண்ணையும் காட்டினேன். பழைய பதிவேட்டைத் தேடிப் பார்க்கலாமே என்றேன். நான் எங்கே வேலை பார்த்தேன் என்பதையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். இரண்டு நாள் அலையவிட்டு, மூன்றாம் நாள் ஒரு படிவத்தைக் கொடுத்தார். தேடச் சொல்கிறேன், ஆனால் பெண்ணுக்குப் பதினெட்டு வயது தாண்டிவிட்டதால் விண்ணப்பத்தில் அவள்தான் கையெழுத்துப் போடவேண்டும், ஸ்கேன் செய்து அனுப்பினால் போதும் என்றார். கடைசி வரியைப் பேனாவால் தட்டிக் காட்டினார். அசல் ஏன் கைவசம் இல்லை என்று விண்ணப்பதாரரே எழுதித் தரவேண்டும்.

வீட்டுக்கு வந்து அந்தப் படிவத்தைச் சாப்பாட்டு மேஜையில் விரித்து வைத்தேன். அன்றைக்கு நேர்காணலுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. மகளின் கையெழுத்து எனக்கு நன்றாகத் தெரியும். ஸ்கூல் ரிப்போர்ட் கார்டிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். பழைய செய்தித்தாளின் ஓரத்தில் ஒரு தடவை போட்டுப் பார்த்தேன். இரண்டாம் தடவை போட்டதும் கிட்டத்தட்ட வந்துவிட்டது. முப்பத்தாறு வருஷம் அடுத்தவர் கையெழுத்துப் போட்ட கடிதங்களை ஒட்டி அனுப்பியவன், ஒருநாளும் அடுத்தவர் கையெழுத்தைப் போட்டதில்லை. மூன்றாவதைப் போட ஆரம்பித்தபோது மனைவி வந்து நின்றாள். என் விரலிலிருந்து பேனாவை எடுத்துவிட்டு, போனை எடுத்துக் கையில் வைத்தாள்.

அங்கே அப்போதுதான் விடிந்திருக்கும். மகள் உடனே எடுத்தாள். “அப்பா! குளிச்சாச்சா?” என்று சிரித்தாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். தபால், ரசீது, சட்டை, குளியலறை, படிவம். மனசு ரொம்ப நொந்துபோனால் அவளுக்கு இந்திதான் முதலில் வரும்.

“ஆப்னே ஜூட் போலா?” என்றாள். பிறகு தமிழில், “பொய் சொன்னீங்களா பா? என்கிட்டயா?” என்றாள்.

“ஸ்டிரைக் இவ்வளவு நாள் போகும்னு நான் நெனைக்கலம்மா.”

“ஸ்டிரைக்க விடுங்க பா. அத நான் சமாளிச்சிருப்பேன். இன்டர்வியூ தேதிய மாத்தணும்னா பதினஞ்சு நாளுக்கு முன்னாடி எழுதிக் கேக்கணும். ஸ்டிரைக்னு சொன்னா குடுக்கறாங்க, என் ஃப்ரெண்டுக்குக் குடுத்தாங்க. மூணு நாள் முன்னாடி அந்த டைம் முடிஞ்சிது. நான் கேக்கவே இல்ல. ஏன் கேக்கணும்? எங்க அப்பா கூரியர்ல போட்டிருக்காரே.”

அவளைப் பிடித்து வைத்திருந்தது அந்தத் தபால்காரர்கள் இல்லை, நான்தான். அது அப்போதுதான் எனக்கு உறைத்தது. தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். மனைவி போனை வாங்கிக்கொண்டாள்.

ஒரு மணி நேரத்தில் கையெழுத்துப் போட்ட படிவம் வந்தது. கடைசி வரியைத்தான் முதலில் பார்த்தேன். ‘அசல் தபாலில் அனுப்பப்பட்டு, வேலைநிறுத்தத்தால் வழியில் உள்ளது’ என்று எழுதியிருந்தாள். யார் அனுப்பினார்கள், ஏன் அனுப்பினார்கள் என்பதெல்லாம் இல்லை. அதைப் படித்து எனக்கு அழுகை வந்துவிட்டது.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். நாலு நாள் அந்தப் பதிவு அலுவலகத்தின் பெஞ்சில் முகமூடியோடு உட்கார்ந்திருந்தேன். உட்காருவதால் பயனில்லை, போங்கள் என்று குமாஸ்தா சொன்னார். வீட்டில் இருந்தாலும் பயனில்லை என்றேன். என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமலோ என்னவோ, ஐந்தாம் நாள் அவரே பதிவறைக்குப் போய்த் தூசியோடு திரும்பி வந்தார். பதிவேடு கிடைத்துவிட்டது. பக்கத்தை என் பக்கம் திருப்பி விரல் வைத்துக் காட்டினார். மகளுக்கு அப்போது பெயர்கூட வைக்கவில்லை, ‘பெண் குழந்தை’ என்றிருந்தது. ஓரத்தில் பிறகு பெயர் சேர்த்ததற்கு என் கையெழுத்து. அன்றே புதிய சான்றிதழை வாங்கி, அங்கிருந்தே நேராகக் கூரியர் அலுவலகத்துக்குப் போய், சீட்டைப் போட்டோ எடுத்து அவளுக்கு அனுப்பிவிட்டுத்தான் கவுண்டரை விட்டு நகர்ந்தேன்.

நேர்காணலுக்கு முந்தின நாள் அது அவள் கையில் கிடைத்தது. மறுநாள் ‘ஹோ கயா’ என்று இரண்டே சொல்லில் செய்தி வந்தது. முடிந்தது. மனைவி அன்று பால் பாயசம் வைத்தாள். நான் இரண்டு டம்ளர் குடித்தேன்.

வேலைநிறுத்தம் புது வருஷம் பிறந்த பிறகுதான் முடிந்தது. பழைய உறையும் ஒரு நாள் அவள் வீட்டு வாசலில் வந்து விழுந்தது. என் பெரிய எழுத்து, நாலு பக்க ஒட்டல், தில்லி முத்திரை எல்லாம் தெரிகிற மாதிரி போட்டோ அனுப்பினாள். திருப்பி அனுப்பட்டுமா என்று கேட்கவில்லை. “அசல் என்கிட்டயே இருக்கட்டும் பா” என்றாள். நானும் சரி என்றேன். பீரோவில் பச்சை டேக் கோத்த கோப்பில் இப்போது நகல்தான் இருக்கிறது.

அவள் அதற்குப் பிறகு கோபமாகப் பேசியதில்லை. காலை ஏழு மணிக்குக் கூப்பிடுகிறாள், சிரிக்கிறாள், அலுவலகக் கதையெல்லாம் சொல்கிறாள். போன வாரம் இழுப்புக்காக நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு வந்தேன்.

“டாக்டர் எல்லாம் நல்லா இருக்குன்னு சொல்லிட்டாரும்மா” என்றேன். அது உண்மைதான்.

“அச்சா பா. ரிப்போர்ட்ட மட்டும் ஒரு போட்டோ எடுத்து அனுப்பிடுங்க” என்றாள். குரலில் கோபமில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள்.

ரிப்போர்ட்டைச் சாப்பாட்டு மேஜையில் விரித்தேன். மனைவி விளக்கைப் போட்டாள். நாலு மூலையும் டாக்டரின் கையெழுத்தும் விழுகிற மாதிரி படம் எடுத்து அனுப்பினேன். முன்பெல்லாம் நான் சொன்னாலே அவளுக்குப் போதும்.